பூட்டப்படுவது எப்போதும் மலிவான மைதானம்தான்

"ஒரு கோல்ஃப் மைதானத்துல எத்தனை குடும்பம் குடியிருக்கலாம் தெரியுமா அக்கா?" என்று அவன் கேட்டது 2021-இல். மதுரைக்காரப் பையன், என் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். கலிபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில், சான்டா கிளாராவில் அலுவலகம், வீடு மலைக்கு அப்பால் மவுண்டன் ஹவுஸில். இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். விடியற்காலை ஐந்து மணிக்குக் காரை எடுத்து, அல்டமான்ட் கணவாய் நெரிசலைத் தாண்டி வந்து, இரவு அதே வழியில் திரும்பிப் போவதிலேயே அவனுடைய இருபதுகளின் பாதி கழிந்துவிட்டது. கலிபோர்னியா சட்டமன்றத்தில் அப்போது ஏபி 672 என்றொரு மசோதா வந்திருந்தது. நகராட்சிகளுக்குச் சொந்தமான கோல்ஃப் மைதானங்களை மூடி வீடு கட்ட முன்வந்தால் மாநில அரசு நிதி தரும் என்பது அதன் சாரம். அதன் இணைப்பை எனக்கு அனுப்பிவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான். நான் கோல்ஃப் ஆடுகிறவள் என்று அவனுக்குத் தெரியும். சண்டை போடும் நோக்கமே இல்லை, உண்மையாகவே என் பதிலைத் தெரிந்துகொள்ள விரும்பினான்.

அன்றைக்கு என்னால் நிறைவான பதில் சொல்ல முடியவில்லை. அவனுடைய கணக்கில் பிழை இல்லை. பந்தை ஒவ்வொன்றாகப் போட வேண்டிய பதினெட்டு குழிகள் கொண்ட முழு மைதானம் என்றால் 120 முதல் 150 ஏக்கர் வரை நிலம். சிலிக்கான் பள்ளத்தாக்கில் அத்தனை நிலம் ஒரே துண்டாகக் கிடைப்பது அரிது. வீடு வேண்டும் என்பதில் எனக்கும் அவனுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. என் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய ஆசிரியர்களில் பலர் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்துதான் பள்ளி வாசலில் நின்றார்கள். அதைப் பார்த்தபிறகும் "வீடு கட்டாதே" என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் அந்த மசோதாவில் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அது என்ன என்று தெளிவாகச் சொல்ல இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

ஒன்பது குழி, இரண்டு மணி நேரம்

கோல்ஃப் என்றதும் நம்மவர்கள் மனதில் தோன்றும் படம் எனக்குத் தெரியும். நான் சைதாப்பேட்டையில் வளர்ந்தவள். கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் மதிலை ஒட்டிப் பேருந்தில் போகும்போது, உள்ளே பந்தயப் பாதைக்கு நடுவே கோல்ஃப் ஆடுகிறார்கள் என்று அப்பா சொல்வார். எங்களுக்கு அந்த விளையாட்டு அவ்வளவுதான், மதிலுக்கு உள்ளே நடக்கும் ஏதோ ஒன்று. அங்கே ஆட வேண்டும் என்ற ஆசைகூட வந்ததில்லை. வர வழியில்லை.

அதனால்தான் சன்னிவேலில் சன்கன் கார்டன்ஸ் என்ற மைதானத்துக்குள் முதன்முதலாகக் காலடி வைத்தபோது எனக்கு ஆச்சரியம். நகராட்சியின் சொத்து அது. ஒன்பது குழி, மொத்த பார் (நல்ல ஆட்டக்காரருக்கு ஆகும் அடிகளின் எண்ணிக்கை) 29. ஏழு குழிகள் ஒரே அடியில் கிரீனை, அதாவது குழியைச் சுற்றியுள்ள மட்டமான புல்தரையைத் தொடக்கூடிய குட்டிக் குழிகள், இரண்டு மட்டும் சற்று நீளம். உறுப்பினர் அட்டை, சிபாரிசு, உடைக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. இருபது முப்பது டாலருக்குள் முடிந்துவிடும். மட்டை இல்லையென்றால் அங்கேயே வாடகைக்குத் தருவார்கள். ஒரு செவன் அயன், ஒரு வெட்ஜ், ஒரு பட்டர் என்று மூன்று மட்டைகள் இருந்தால் போதும். நான் பல மாதங்கள் அதை மட்டும் வைத்துக்கொண்டுதான் ஆடினேன். இரண்டு மணி நேரத்தில் ஆட்டம் முடியும். வேலை முடிந்து போனாலும் இருட்டுவதற்குள் வீடு திரும்பி, ஃப்ரிட்ஜில் இருக்கும் மாவை எடுத்துத் தோசை வார்த்துவிடலாம்.

இப்படிப்பட்ட மைதானங்களில் ஒரு வழக்கம் உண்டு. தனியாகப் போனால், வாசலில் இருக்கும் ஸ்டார்ட்டர் நம்மை யாராவது இரண்டு மூன்று பேரோடு சேர்த்துவிடுவார். அவர்கள் யார், எந்த ஊர், என்ன மொழி என்று யாரும் கேட்பதில்லை. "நீங்க நாலு பேரும் சேர்ந்து போங்க" என்பதோடு சரி. பிலிப்பைன்ஸிலிருந்து வந்து முப்பது வருடம் மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியரோடு ஆடியிருக்கிறேன். பேருந்து ஓட்டுநர், மின்பணியாளர், தாத்தாவின் பழைய மட்டையைப் பாதியாக வெட்டிக் கொண்டுவந்த பத்து வயதுப் பையன் என்று எத்தனையோ பேர். கணவரை இழந்த ஒரு கொரியப் பாட்டி, ஒரு வார்த்தை ஆங்கிலம் இல்லாமல், என் பிடி தவறு என்று என் விரலைப் பிரித்துச் சரியாக வைத்துக் காட்டினார். மகன் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் வந்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர், சாயங்கால நடைக்காக வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள வரலாமாம்மா?" என்று தமிழில் கேட்டார். பந்தடித்துப் பழகும் ரேஞ்சுக்கு அழைத்துப் போய் ஒரு வாளிப் பந்து வாங்கிக் கொடுத்தேன். அடுத்தடுத்த நாட்களில் அவரே வர ஆரம்பித்துவிட்டார்.

இந்தப் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு, நம்மைப் போன்றவர்களையே சந்திப்பது மிகவும் எளிது. வேலையில் பொறியாளர்கள். வார இறுதியில் தமிழ் மன்ற விழா, லிவர்மோர் கோயில், பிள்ளைகளின் பரதநாட்டிய வகுப்பு. எல்லாம் நல்லதுதான், எனக்கும் வேண்டியதுதான். ஆனால் முன்பின் தெரியாத மூன்று பேரோடு இரண்டு மணி நேரம் சேர்ந்து நடக்க வைக்கும் இடம் வேறு எது என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நூலகத்தில் பேசக்கூடாது. உடற்பயிற்சிக் கூடத்தில் எல்லோர் காதிலும் பாட்டு ஓடுகிறது. கிரிக்கெட் ஆட அணி வேண்டும், அணியில் சேர ஆள் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பெண் தனியாகப் போய் நின்றாலே சேர்த்துக்கொள்ளும் விளையாட்டு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதுவும் மலிவான பொது மைதானத்தில்தான் இப்படி நடக்கும்.

மசோதாவைப் படித்த இரவு

அவன் அனுப்பிய இணைப்பை அன்றிரவே திறந்து படித்தேன். பிறகு ஒருமுறை, வரிவரியாக. கட்டப்படும் வீடுகளில் குறைந்தது 25 சதவீதம் வருமானம் குறைந்தவர்களுக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும், 15 சதவீத நிலம் திறந்தவெளியாக விடப்பட வேண்டும் என்றெல்லாம் நல்ல நிபந்தனைகள் இருந்தன. 5 கோடி டாலர் மானியம் என்று பேச்சு. படித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். உள்ளாட்சி அமைப்புகளுக்குச் சொந்தமான மைதானங்கள் மட்டும். அதாவது இருபத்தைந்து டாலருக்கு யார் வேண்டுமானாலும் ஆடக்கூடிய மைதானங்கள் மட்டும். சேருவதற்கே லட்சம் டாலருக்கு மேல் கேட்கும் கிளப்புகள் இந்த வளைகுடாப் பகுதியிலேயே இருக்கின்றன. அவற்றைப் பற்றி அந்த மசோதாவில் ஒரு சொல் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு எளிய விடை உண்டு: நகராட்சி நிலத்தில் என்ன செய்வது என்று நகராட்சி முடிவெடுக்கலாம், தனியார் நிலத்தில் கைவைக்க முடியாது. சட்டப்படி சரிதான். ஆனால் தேடிப் படிக்கப் படிக்க விஷயம் அத்தோடு நிற்கவில்லை. கலிபோர்னிய அரசியல் சாசனத்தின் 13-ஆம் பிரிவில் 10-ஆவது உட்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 1960-இல் வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்த திருத்தம். பத்து ஏக்கருக்குக் குறையாத நிலம், இலாப நோக்கில்லாத கோல்ஃப் மைதானமாகத் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயன்பட்டு வந்தால், சொத்து வரி போடும்போது அதைக் கோல்ஃப் மைதானம் என்ற அளவிலேயே மதிப்பிட வேண்டும். அந்த இடத்தில் அடுக்குமாடி கட்டினால் என்ன விலை போகும் என்று பார்க்கக் கூடாது. நில மதிப்பு விண்ணைத் தொடும் லாஸ் ஏஞ்சலஸிலும், இங்கே லாஸ் ஆல்டோஸ், மென்லோ பார்க், சாரடோகா போன்ற ஊர்களிலும் உறுப்பினர்களுக்கு மட்டுமான கிளப்புகளுக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று யோசியுங்கள். அதன் மேல் 1978-இல் வாக்காளர்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13-ஆவது முன்மொழிவும் சேர்ந்துகொண்டது. சொத்து கைமாறாத வரை வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. கிளப்பில் உறுப்பினர்கள் ஒருவர் போய் ஒருவர் வருவார்கள், நிலம் கிளப்பின் பேரிலேயே இருக்கும்.

எனக்குள் ஏதோ ஒன்று அந்த இரவில்தான் நிலைகொண்டது. வீடா விளையாட்டா என்ற கேள்வியாகவே இதை எங்கள் முன் வைக்கிறார்கள். அவனும் அப்படித்தான் கேட்டான், நானும் அப்படித்தான் அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் பணக்காரர்களின் மைதானம் அரசியல் சாசனத்தாலேயே காக்கப்படுகிறது. சாதாரண மக்களின் மைதானம் மட்டும் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் ஏன் இன்னும் இருக்கிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் சொந்தம் என்பதாலேயே அதை எடுத்துக்கொள்வது சுலபமாக இருக்கிறது. அந்த மசோதா 2022 ஜனவரியில் கைவிடப்பட்டது. ஏபி 1910 என்ற புதிய எண்ணில் திரும்பி வந்து சட்டமன்றத்தின் கீழவையைத் தாண்டியது. ஆகஸ்டில் மேலவையின் நிதிக் குழுவில் நின்றுபோனது. ஆனால் மைதானங்களை மூடுவதற்கு மசோதா எதுவும் தேவைப்படவில்லை. அதற்கு முன்பே மூடிக்கொண்டிருந்தார்கள், பிறகும் மூடுகிறார்கள்.

மூன்று விதமாகக் காணாமல் போகிறது

சான்டா கிளாராவிலேயே ஒன்று இருந்தது. லீவைஸ் ஸ்டேடியத்துக்கு வடக்கே, நகராட்சியின் பதினெட்டு குழி மைதானம். பழைய குப்பைமேட்டை மூடி, மேலே புல் வளர்த்து 1987-இல் திறந்தது. நிலத்தடியிலிருந்து மீத்தேன் வாயுவை எடுக்கும் குழாய்களோடு கூடிய இடம். அந்த இடத்தையும் சுற்றியுள்ள நிலத்தையும் சேர்த்து ஏறத்தாழ 240 ஏக்கரில் ஒரு பெரும் கட்டுமானத் திட்டத்துக்கு நகராட்சி 2016-இல் ஒப்புதல் கொடுத்தது. அந்தத் திட்டத்தில் வீடு கொஞ்சம், அலுவலகமும் கடையும் ஓட்டலும்தான் அதிகம். எவ்வளவு அதிகம் என்றால், பக்கத்து ஊரான சான் ஹோசே, இத்தனை வேலையை உருவாக்கிவிட்டு வீட்டுக்கு எங்கள் தலையில் பாரத்தை ஏற்றுகிறீர்கள் என்று வழக்கே போட்டது. மைதானம் 2019-இல் மூடப்பட்டது. மதுரைத் தம்பி தினமும் அந்த வழியாகத்தான் அலுவலகம் வருகிறான். அந்தப் புல்வெளி போனதால் அவனுடைய பயணம் ஒரு மைல்கூடக் குறையவில்லை.

கிழக்கு சான் ஹோசேயில் ப்ளெசன்ட் ஹில்ஸ் என்ற மைதானத்தின் கதை இன்னும் வருத்தமானது. அது தனியாருடையது, ஆனால் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து ஆடலாம். உழைக்கும் மக்கள் வாழும் பகுதி. 2004-இல் மூடினார்கள். 114 ஏக்கர். இருபது ஆண்டு கடந்தும் அது வேலிக்குள் புதர் மண்டித்தான் கிடந்தது. அந்த இடைவெளியில் அங்கே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து கல்லூரிக்கே போய்விட்டார்கள், அவர்களுக்கு வீடும் கிடைக்கவில்லை, மைதானமும் கிடைக்கவில்லை. மைதானத்தை மூடினால் வீடு வந்துவிடும் என்று பேசுகிறவர்கள் ஒருமுறை அந்த வேலி ஓரமாகப் போய்வர வேண்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். நகராட்சி மைதானங்கள் பெரும்பாலும் யாரும் வீடு கட்ட முடியாத இடத்தில்தான் இருக்கின்றன. சான்டா கிளாராவில் குப்பைமேடு. சன்னிவேலின் பதினெட்டு குழி மைதானம் மாஃபெட் ஃபீல்ட் விமானத்தளத்தில் விமானம் இறங்கும் வழியில். பாலோ ஆல்டோவில் வளைகுடாவின் சதுப்பு நிலம், பக்கத்திலேயே சிறு விமான நிலையம். குபர்டினோவின் ப்ளாக்பெரி ஃபார்ம் ஓடைக்கரை. வேறு எதற்கும் ஆகாது என்று ஒதுக்கிய நிலத்தில்தான் மக்களுக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது. வெள்ளம் வராத, விமானம் பறக்காத, குப்பை புதைக்காத நல்ல நிலமெல்லாம் குன்றுச் சரிவில் கிளப்புகளிடம் இருக்கிறது.

மூடுவது ஒரு விதம். இரண்டாவது விதத்தில் மைதானம் இருக்கும், நாம் இருக்க மாட்டோம். பாலோ ஆல்டோ நகராட்சி மைதானத்தை 2016-இல் வெள்ளத் தடுப்புப் பணியோடு சேர்த்து மூடி, மொத்தமாக மறுவடிவமைத்து, 2018-இல் பேலண்ட்ஸ் என்ற புதுப் பெயரில் திறந்தார்கள். அழகான மைதானம், மறுக்க மாட்டேன். காற்றில் அலையும் நாணலுக்கு நடுவே ஆடுவது தனி அனுபவம். ஆனால் விலையும் சேர்ந்து ஏறியது. பழைய மைதானத்தில் வாரம் இருமுறை ஆடிய ஓய்வூதியக்காரர்கள் அங்கே இப்போது என் கண்ணில் படுவதில்லை. ஒன்பது குழிக்கு அவர்களில் இரண்டு பேர் சன்னிவேல் பக்கம் வருகிறார்கள். புதுப்பித்தல் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் விலைப் பலகையைத்தான் முதலில் தேடுகிறேன். கடைசிப் படி எங்கே போய் முடியும் என்பதற்குப் பெபிள் பீச் இருக்கிறது. அதுவும் வகைப்பாட்டில் பொது மைதானம்தான், யார் வேண்டுமானாலும் ஆடலாம். ஒரு சுற்றுக்கு 600 டாலருக்கு மேல்.

மூன்றாவது விதம் 2020-க்குப் பிறகு வந்தது. கொரோனா காலத்தில் வெளியே போய்ச் செய்ய அனுமதி இருந்த ஒருசில விஷயங்களில் கோல்ஃப் ஒன்று. கூட்டம் அலைமோதியது. 2005 வாக்கில் அமெரிக்கா முழுவதும் 16 ஆயிரத்தைத் தாண்டியிருந்த கோல்ஃப் மைதானங்கள் அதற்குள் ஏறக்குறைய 14 ஆயிரமாகக் குறைந்திருந்தன. அப்படிக் குறைந்தவற்றில் பெரும்பகுதி விலை மலிவான பொது மைதானங்கள்தான். மைதானம் குறைவு, ஆள் அதிகம். லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி மைதானங்களில் காலை நேர டீ டைம்கள் (ஆட முன்பதிவு செய்யும் நேரங்கள்) திறந்த சில நொடிகளில் தீர்ந்துபோயின. இடைத்தரகர்கள் மொத்தமாகப் பிடித்து, கூடுதல் காசுக்குக் கைபேசிச் செயலி வழியாக விற்றுக்கொண்டிருந்தார்கள். 2024-இல் பெரிய கொந்தளிப்பு எழுந்தபிறகு நகராட்சி ஆளுக்கு 10 டாலர் திரும்பத் தராத முன்பணம் என்று விதி கொண்டுவந்தது. எங்கள் பக்கம் தரகர் தொல்லை அவ்வளவு இல்லை. ஆனால் நேரத்துக்கும் நாளுக்கும் ஏற்ப விலை மாறும் முறை பல இடங்களில் வந்துவிட்டது. வார நாளில் மதியம் போக முடிகிறவருக்கு மலிவு, சனிக்கிழமை மட்டும் ஓய்வு உள்ள தொழிலாளிக்கு இரட்டிப்பு.

நஷ்டம் என்ற கணக்கு

நகரவைக் கூட்டங்களில் கோல்ஃப் மைதானம் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் எழும் சொல் நஷ்டம். பல ஊர்களில் கோல்ஃபுக்குத் தனி நிதிக் கணக்கு. அந்த மைதானம் தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்ள வேண்டும். நீர்ப்பாசனக் குழாய்கள் இருபத்தைந்து முப்பது ஆண்டில் பழுதாகும். மாற்ற லட்சக்கணக்கில் ஆகும். அந்த ஆண்டு கணக்கு சிவப்பில் விழும், உடனே மைதானத்தின் எதிர்காலம் பற்றி ஆய்வு தொடங்கும். நீச்சல் குளத்திடமோ நூலகத்திடமோ சிறுவர் பூங்காவிடமோ இந்த ஊரில் யாரும் இலாபம் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கவும் கூடாது. கோல்ஃப் பணக்காரர் விளையாட்டு என்ற எண்ணம் இருப்பதால்தான் இங்கே மட்டும் கேட்கிறோம். கேட்டுக் கேட்டு விலையை ஏற்றி, ஏழைகளை வெளியேற்றி, கடைசியில் அந்த எண்ணத்தை நாமே உண்மையாக்குகிறோம்.

இந்த நாட்டிலேயே அது உண்மையாக இருந்ததில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வான் கோர்ட்லண்ட் பூங்கா மைதானம் 1895-இல் திறந்தது, அமெரிக்காவின் முதல் பொது கோல்ஃப் மைதானம் அது. அட்லாண்டாவில் கறுப்பின மக்கள் நகராட்சி மைதானத்தில் ஆட உரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 1955-இல் வென்றார்கள். ஹோம்ஸ் வழக்கு என்று பெயர். தொழில்முறை ஆட்டக்காரர் சங்கமான பிஜிஏ, வெள்ளையருக்கு மட்டும் என்ற விதியை 1961 வரை வைத்திருந்தது. சங்கமும் கிளப்பும் கதவைச் சாத்தியிருந்த காலத்தில் வழக்குப் போட்டுத் திறக்க முடிந்த கதவு நகராட்சி மைதானத்தின் கதவுதான். பொதுச் சொத்தாக இருந்ததால்தான் அரசியல் சாசனத்தைக் காட்டிக் கேட்க முடிந்தது. டைகர் உட்ஸ் சிறுவனாக ஆடிப் பழகியது லாங் பீச்சின் ஹார்ட்வெல் என்ற குட்டிப் பொது மைதானத்தில், எல்லாமே பார் மூன்று குழிகள். இதையெல்லாம் படித்தபோது சன்கன் கார்டன்ஸ் மேல் எனக்கு மதிப்பு இன்னும் கூடியது.

சென்னையில் 2024 செப்டம்பரில் தமிழக அரசு கிண்டி ரேஸ் கிளப்பைப் பூட்டி, 160 ஏக்கரைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது தம்பி எனக்குச் செய்தியை அனுப்பினான். "இதுக்கும் வருத்தப்படுவீங்களா அக்கா?" என்றான். 730 கோடி ரூபாய் வாடகை பாக்கி என்று அரசு சொன்ன நிலம், அங்கே பசுமைப் பூங்காவும் வெள்ளம் தேக்கும் குளங்களும் வரும் என்றார்கள். நான் வருத்தப்படவில்லை, மகிழ்ச்சியாகவே இருந்தது. வேளச்சேரி மழைக்காலத்தில் எப்படி மிதக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மதிலுக்கு உள்ளே சைதாப்பேட்டைப் பிள்ளைகள் ஆடியதில்லை, அதனால் அவர்கள் இழப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. சன்னிவேலில் அப்படி இல்லை. இந்தப் பதிலை அவன் ஏற்றுக்கொண்டான்.

என் விருப்பம் என்ன என்று கேட்டால், மைதானத்தில் ஒரு புல்லைக்கூடத் தொடாதே என்பது இல்லை. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் ஊருக்குச் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு ஃபேர்வே என்ற புல்பாதையில் நடக்கிறார்கள். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற மைதானத்தில் நடப்பது நம்மூரில் ஏன் நடக்கக் கூடாது? வாரத்தில் ஒரு நாள் எல்லோருக்கும் திறந்துவிடட்டும். தண்ணீர்தான் பிரச்சினை என்றால், இந்தப் பகுதியில் ஏற்கெனவே பல மைதானங்கள் மறுசுழற்சி நீரில் ஓடுகின்றன, மற்றவையும் மாறட்டும். பதினெட்டை ஒன்பதாகக் குறைத்து மீதியில் வீடு கட்டுவது சில இடங்களில் நியாயமாக இருக்கும், நிலம் அதற்கு ஏற்றதாக இருந்தால். சான் ஃபிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பூங்காவின் ஒன்பது குழி மைதானத்தை மறுவடிவமைத்து 2024-இல் திறந்தார்கள். எல்லாம் சின்னக் குழிகள், பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். சிறியதாக இருந்தாலே போதும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் வரிசை என்று ஒன்று இருக்க வேண்டும். முதலில் அந்த 1960 திருத்தத்தை வாக்காளர்கள் முன் மீண்டும் வையுங்கள். தனியார் கிளப் நிலத்துக்கு நிலத்தின் உண்மையான மதிப்பில் வரி போடுங்கள். அந்த வரி கட்ட முடியாத கிளப் நிலத்தில் ஒரு பகுதியை விற்கட்டும், அங்கே முதலில் வீடு எழட்டும். கட்ட முடிந்த கிளப்பின் வரிப் பணம் வீட்டு வசதித் திட்டங்களுக்குப் போகட்டும். அதற்கு அப்புறம் பொது மைதானத்தைப் பற்றிப் பேசலாம்.

தம்பிக்கு இதில் உடன்பாடு இல்லை. "சாசனத் திருத்தம்னா பத்து வருஷம் ஆகும் அக்கா, அதுக்குள்ள எனக்கு நாற்பது ஆயிடும்" என்கிறான். 13-ஆவது முன்மொழிவைத் தொட்ட யாரும் இந்த மாநிலத்தில் தேர்தலில் எளிதாகத் தப்பியதில்லை என்கிறான். வணிகச் சொத்துகளுக்கு மட்டும் அதைத் தளர்த்த 2020-இல் வந்த 15-ஆவது முன்மொழிவு தோற்றதை நினைவுபடுத்துகிறான். அவன் சொல்வது அரசியலில் சரியாக இருக்கலாம். கடினமானதைச் செய்ய முடியவில்லை என்பதால், சுலபமாகக் கிடைப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு மட்டும் என்னால் வர முடியவில்லை, ஏனென்றால் சுலபமாகக் கிடைப்பது அந்தச் செவிலியருடையது, அந்தப் பேருந்து ஓட்டுநருடையது. சான்டா கிளாராவில் அவர்களுடையதை எடுத்தும் அவனுக்கு வீடு கிடைக்கவில்லையே என்று நான் கேட்டால் அவனிடமும் பதில் இல்லை.

நகராட்சிக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஆளுக்குச் சில நிமிடங்கள்தான் தருவார்கள். எங்கள் ஊரில் கோல்ஃப் நிதி விவாதத்துக்கு வரும்போது நான் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். அவனையும் வரச் சொல்லியிருக்கிறேன், அவன் தரப்பை அவனே பேசட்டும் என்று. வீடில்லாமல் அல்டமான்ட் தாண்டி வருகிற ஒருவனும், பொது மைதானம் வேண்டும் என்கிற ஒருத்தியும் ஒரே மேடையில் நின்று, இந்த ஊரில் யாருடைய நிலத்தைப் பற்றி மட்டும் எப்போதும் விவாதிக்கிறோம் என்று கேட்டால், அதற்கு நகரவை ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.